கணக்கில் வராத கடன்

நகரியில் விசைத்தறித் தொழிலாளர் கிளைக் கூட்டம் ஒன்று முடிந்து, தேநீர் வந்துகொண்டிருந்த வேளையில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: “தோழர், என் மகள் இண்டர் முடித்துவிட்டாள். டிகிரியில் சோஷியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்? எவ்வளவு கடன் ஆகும்? திருப்பதியில் படிப்பது நல்லதா, சித்தூரிலா?” கூட்டத்தை நடத்திய தோழர் வழக்கமான விடையைச் சொன்னார். கல்வி விற்பனைப் பண்டம் அல்ல, அதை வருமானத்தால் அளக்கக் கூடாது என்றார். கேட்டவர் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு விடை கிடைக்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

நம்முடைய விடை கொள்கை அளவில் சரியானது. ஆனால் தறியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவர் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அது பதிலாகவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்த நம்மில் பலர் சொந்தப் பிள்ளைகளைப் பொறியியலில்தான் சேர்த்திருக்கிறோம். வருமானத்தைக் கணக்கிட்டுத்தான் சேர்த்தோம். கணக்குப் போடும் உரிமையை நமக்கு வைத்துக்கொண்டு, தோழரின் மகளுக்கு மட்டும் தத்துவம் சொல்வது முறையல்ல.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே உலகில் ஒரு பெரும் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒபாமா அரசு 2015 செப்டம்பரில் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற தரவுத் தளத்தை வெளியிட்டது. 2019 முதல் அதில் கல்லூரி வாரியாக மட்டுமின்றிப் பாட வாரியாகவும் விவரம் கிடைக்கிறது. இந்தக் கல்லூரியில் சமூகவியல் படித்தவர் சராசரியாக எவ்வளவு கடனோடு வெளியேறுகிறார், சில ஆண்டுகள் கழித்து எவ்வளவு ஈட்டுகிறார், பக்கத்து மாநிலக் கல்லூரியில் அதே பாடத்தைப் படித்தவர் நிலை என்ன என்று ஒப்பிடலாம். வருமான விவரம் வரித்துறைப் பதிவுகளிலிருந்து வருவதால் கல்லூரி நிர்வாகம் அதைத் திரிக்க முடியாது. அந்த வகையில் அது நேர்மையான கணக்கு.

அந்தக் கணக்கைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் ஏறத்தாழ 1.6 டிரில்லியன் டாலர். கடனாளிகள் நான்கு கோடிக்கும் மேல். இந்தக் கடனை உருவாக்கிய கட்டண உயர்வில் கை வைக்காமல், குறைந்த சம்பளம் தரும் படிப்புகளின் மீது பழி திரும்பியது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ஒரு படிப்பை முடித்தவர்களின் இடைநிலை வருமானம், அப்படிப்பில் சேராமல் பள்ளிக் கல்வியோடு வேலைக்குப் போனவர்களின் இடைநிலை வருமானத்தைவிடக் குறைவாக மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் இருந்தால், அப்படிப்புக்கு அரசுக் கடன் நிறுத்தப்படும். ஆஸ்திரேலியா இன்னும் நேரடியாகப் போனது. வேலைக்குத் தயாரான பட்டதாரிகளை உருவாக்குகிறோம் என்று 2020இல் அறிவித்து, 2021 முதல் சமூகவியல் உள்ளிட்ட படிப்புகளுக்கு மாணவர் செலுத்தும் பங்கை ஆண்டுக்கு 14,500 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியது. இது 113 சதவீத உயர்வு. குறைவாகச் சம்பாதிக்கப் போகிறாய், ஆகவே கூடுதலாகக் கட்டு என்பதுதான் இதன் தர்க்கம். இதனால் மாணவர்கள் பெருந்திரளாக வேறு பாடங்களுக்கு ஓடிவிடவில்லை. கூடுதல் கடனோடு அதே பாடத்தைப் படித்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு நியமித்த குழுவே இந்தக் கட்டண முறையை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்தச் சிந்தனைக்கு இந்தியாவில் இருபத்தைந்து ஆண்டு வயது உண்டு. வாஜ்பாய் அரசு கேட்டதற்கிணங்க முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் 2000ஆம் ஆண்டில் கல்விச் சீர்திருத்த அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். உயர்கல்வியின் பயன் படிப்பவனுக்கே, ஆகவே செலவும் அவனுடையதே, பணமில்லாதவனுக்குக் கடன் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 2017இல் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிதி முகமை, மானியம் பெற்றுவந்த பல்கலைக்கழகங்களையே கடன்காரர்களாக்கியது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் முன்னணியில் உள்ள, தொடக்கத்தில் 860ஆக இருந்த நிறுவனங்களின் மாணவர்களுக்கு ஈடில்லாக் கடன் தருகிறது. ஒன்றிய அரசு நிறுவனங்கள் அனைத்தும் இதில் அடங்கும். திருப்பதியில் 2015இல் வந்த ஐ.ஐ.டி.க்கும் ஐசருக்கும் இடம் உண்டு. பட்டியலுக்கு வெளியே இருக்கும் சாதாரண அரசுப் பட்டக் கல்லூரியில் படிக்கும் தறித் தொழிலாளியின் மகளுக்கு இந்தக் கதவு இல்லை. கடன் கிடைக்கவில்லையே என்று வருந்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த மாணவரை அரசு மாணவராகக் கருதுகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

சரி, நகரித் தோழர் கேட்ட ஒப்பீட்டுக்கு வருவோம். திருப்பதியிலா, சித்தூரிலா?

இதற்கு இந்தியாவில் கிடைக்கும் ஒரே அரசுத் தரவு, 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத் தாள். அதில் ‘வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு காரணங்களால் அது அவருக்குப் பயன்படாது. முதலாவது, அது பாட வாரியாக இல்லை. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதற்கும் ஒரே எண். கணினிப் பயன்பாடு படித்தவனும் வணிகவியல் படித்தவனும் சமூகவியல் படித்தவளும் ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறார்கள். இரண்டாவது, அது வேலை கிடைத்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு வளாக நேர்காணலில் வேலை கிடைக்கிறது. தாளில் ஏறும் சம்பளம் அந்த ஆறு பேருடையது. துணிக்கடையில் நிற்கும் பத்துப் பேர், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு பேர், திருமணமாகிப் போன எட்டுப் பேர், எதுவும் கிடைக்காத நான்கு பேர் யாரும் அந்த எண்ணில் இல்லை. கல்லூரியே நிரப்பித் தரும் தாள் அது; வரித்துறைப் பதிவோடு ஒப்பிட்டு எழுதப்படுவதல்ல.

வருமானக் கணக்கு இப்படி. கடன் கணக்கு இதைவிட மோசம்; சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கே உரிய கதை அதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் வங்கிகளின் கல்விக் கடன் நிலுவை ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி தொழிற்படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் போனது. சமூகவியல் பி.ஏ.வுக்கு வங்கியில் கடன் கேட்டுச் சென்றால் மேலாளர் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆகவே அமெரிக்க முறையில் யாராவது இங்கே ஒரு ஸ்கோர்கார்டு தயாரித்தால், நகரி மாணவியின் கடன் என்ற கட்டத்தில் சுழியம் என்றுதான் எழுதுவார்கள். உண்மையில் அவள் கடன் எங்கே இருக்கிறது?

ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆட்சியில் கட்டணத்தை அரசே கல்லூரிக்குச் செலுத்தும் திட்டம் விரிவாக நடைமுறைக்கு வந்தது. மக்கள் வாயில் அது இன்றும் ‘ரீயிம்பர்ஸ்மெண்ட்’. லட்சக்கணக்கான தலித், பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்கள் கல்லூரி வாசலை மிதித்தது அதனால்தான். இதை நாம் ஒருபோதும் குறைத்துப் பேசக் கூடாது. அதே வேளையில், அரசுக் கல்லூரிகளை வளர்த்திருக்க வேண்டிய பணம் தனியார் கல்லூரிகளின் கல்லாவுக்குப் போயிற்று என்பதும் உண்மை. பின்னர் வந்த ஆட்சி பொறியியலுக்கு ஆண்டுக்கு 35,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சி 2020இல் வித்யா தீவேனா என்று பெயர் மாற்றி, பணத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை தாயின் வங்கிக் கணக்கில் போட்டது. விடுதிச் செலவுக்கு வசதி தீவேனா என்று பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. தாயின் பெயரில் பணம் என்பது கேட்க நன்றாக இருந்தது. காலாண்டுத் தவணை தள்ளிப் போனபோது, கல்லூரியின் கெடுபிடியும் தாயின் பெயருக்கே வந்தது. முன்பு அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த பாக்கி, இப்போது கல்லூரிக்கும் ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கும் இடையிலான பாக்கியாக மாறியது. 2024இல் ஆட்சி மாறியது. பணம் மீண்டும் நேரடியாகக் கல்லூரிக்கே என்றார்கள். பாக்கி மட்டும் மாறவில்லை. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் நிலுவையை விடுவிக்கக் கோரி இடதுசாரி மாணவர் அமைப்புகள் இரண்டு ஆட்சிகளிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் முன் அமர்ந்திருக்கின்றன. ஆட்சியில் இருந்தபோது நிலுவை வைத்த கட்சி, எதிர்க்கட்சியானதும் 2025 மார்ச்சில் அதே நிலுவைக்காகப் போராட்டம் நடத்தியது. பார்த்துச் சிரிக்கத்தான் முடிந்தது.

நிலுவை இருக்கும் வரை பல தனியார் கல்லூரிகள் டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுப்பதில்லை. சான்றிதழ் இல்லாமல் முதுகலைக்கும் போக முடியாது, வேலைக்கும் போக முடியாது. எனவே தாய் டுவாக்ரா குழுவில் கடன் வாங்குகிறாள். குழுக் கடன் பதிவேட்டில் காரணம் என்னவென்று எழுதியிருக்கும்? மாடு வாங்க, தையல் இயந்திரம் வாங்க, சில்லறை வியாபாரம் செய்ய. அது போதாதபோது வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனம் வருகிறது, நகை அடகுக்குப் போகிறது. இவை எதிலும் ‘கல்விக் கடன்’ என்ற சொல் இல்லை. ரிசர்வ் வங்கியின் எந்த அட்டவணையிலும் இது மாணவர் கடனாக ஏறாது. அரசு தரவேண்டிய பணத்துக்கு வட்டி கட்டுகிறவர் அந்தத் தாய். கடனாளி என்று பெயர் இல்லாத கடனாளி அந்த மாணவி.

இதில் முதுகலைக் கதை தனி. 2020 டிசம்பரில் வந்த 77ஆம் எண் அரசாணை, தனியார் கல்லூரிகளில் முதுகலை படிப்போருக்குக் கட்டண ஈட்டை நிறுத்தியது. சமூகவியலில் பி.ஏ. மட்டும் படித்தவருக்கு அந்தப் பாடம் சார்ந்த வேலை மிக அரிது. எம்.ஏ. அல்லது சமூகப்பணி முதுகலை இருந்தால்தான் ஆய்வுத் திட்டம், தொண்டு நிறுவனம், விரிவுரையாளர் பணி எதையும் நினைத்துப் பார்க்கலாம். திருப்பதியில் 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையும், மக்கள்தொகையியல் மற்றும் சமூகப்பணித் துறையும் உண்டு. 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி உண்டு. அங்கே இடம் கிடைத்தவர் பிழைத்தார். கிடைக்காதவர் தனியாரிடம் போனால் முழுக் கட்டணமும் அவர் தலையில். ஆக, ஒரே பட்டம், ஒரே மாவட்டம். பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவரின் கடனுக்கும் தனியார் கல்லூரியில் படித்தவரின் கடனுக்கும் இடையிலான வேறுபாட்டை உருவாக்கியது பாடத்தின் தன்மை அல்ல, ஓர் அரசாணை.

2023-24இல் வந்த ஒற்றை முதன்மைப் பாடமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பு பி.ஏ. என்றால் மூன்று பாடங்கள்; வரலாறு, பொருளியல், அரசியல் என்பதுபோல ஒரு சேர்க்கையில் சமூகவியலும் ஒன்றாக வரும். போட்டித் தேர்வு எழுதும் ஏழை மாணவருக்கு அந்த மூன்றும் சேர்ந்ததே மூலதனம். இப்போது ஒன்றைத் தேர்ந்தெடு என்றதும், எந்தப் பாடம் ‘விலைபோகும்’ என்ற கேள்வி பதினேழு வயதிலேயே வந்து நிற்கிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிப் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு சுமை. 2021 முதல் பட்டக் கல்லூரிகளில் ஆங்கில வழியே என்று ஆனபின், சமூகம் குறித்த பாடத்தைத் தன் சொந்த மொழியில் ஒரு பக்கம் எழுதும் வாய்ப்பையும் இழந்தார்கள். கடைகளில் விற்கும் கைடு புத்தகமே அவர்களுடைய ஆசிரியர்.

வருமானம் ஏன் குறைவு என்பதற்கு வருவோம். சமூகவியல் பட்டதாரிக்குச் சந்தையில் விலையில்லை என்கிறார்கள். சந்தை எந்தப் பட்டதாரிக்குத்தான் விலை கொடுக்கிறது? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞரிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 சதவீதம். பொறியியல் படித்துவிட்டு ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பயிற்சியாளராக நிற்பவர்களை நாம் அறிவோம். சமூகவியலின் தனிச் சிக்கல் வேறு. அந்தப் பாடம் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்திருக்க வேண்டிய முதல் முதலாளி அரசு. அந்த முதலாளி என்ன செய்தார்?

2019இல் ஆந்திராவில் கிராம, வார்டு செயலகங்கள் அமைக்கப்பட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. நலன் மற்றும் கல்வி உதவியாளர் போன்ற பணிகளுக்கு கலைப் பட்டதாரிகள் ஏராளமாகப் போனார்கள். சமூகவியல் வகுப்பில் கற்ற சாதி, வறுமை, ஓய்வூதியம், இடைநிற்றல் எல்லாம் நேரடியாகப் பயன்பட்ட வேலை. ஊதியம் மாதம் 15,000 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தர ஊதிய விகிதம் என்றார்கள், அதுவும் 2022 வரை இழுத்தது. அவர்களுக்குக் கீழே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த தன்னார்வலர்களுக்கு 5,000 ரூபாய். அவர்களில் பட்டதாரிகள் கணிசம். சொல்லப்போனால் இந்த மாநிலம் கண்ட மிகப் பெரிய சமூகக் கள ஆய்வுப் படை அதுதான். ‘சேவை’ என்று பெயர் வைத்ததால் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று; 2024க்குப் பின் படையும் கலைந்தது. மறுபக்கம், பல்கலைக்கழகங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியப் பணியிடங்களுக்கு 2023 இறுதியில் வந்த அறிவிக்கை வழக்குகளில் சிக்கியது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் மணிக்கணக்குக் கூலிக்கு விருந்தினர் விரிவுரையாளர்களாக இருக்கிறார்கள். அரசே இப்படிக் கூலியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பின்னர் அந்தக் கூலியைச் சுட்டிக்காட்டி இந்தப் படிப்பால் பயனில்லை என்பது என்ன நியாயம்?

பயன் என்ற சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி இருபது தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரக் காவல்படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி மலைக் கிராமங்களிலிருந்து அவர்கள் ஏன் அந்தக் காட்டுக்குப் போனார்கள், எந்த முன்பணம் அவர்களைக் கட்டியது, தரகர் யார், ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் காவல்துறைக் கோப்பில் இருக்காது. கேட்கப் பயிற்சி பெற்றவர்கள்தான் கேட்பார்கள். அந்தப் பயிற்சியைத் தரும் துறைக்கு மாணவர் வராமல் செய்துவிட்டால், கேள்வியும் வராது. ஆளுவோருக்கு இதைவிட மலிவான லாபம் வேறென்ன?

ஆகவே ஒப்பீடே கூடாது என்று நாம் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. ஒப்பீடு வேண்டும்; முழுமையான ஒப்பீடு வேண்டும். வேலை கிடைத்த ஆறு பேரை மட்டுமல்ல, நாற்பது பேரையும் எண்ணு. வங்கிக் கடனை மட்டுமல்ல, டுவாக்ரா, நுண்கடன், அடகு அனைத்தையும் எண்ணு. சாதி வாரியாக, ஆண் பெண் வாரியாக எண்ணு. ஒரே வகுப்பில் படித்த தலித் மாணவிக்கும் ஊர்ப் பெரியவர் மகனுக்கும் பட்டம் தந்தது ஒன்றல்ல என்பது அப்போது தெரியும். அரசு தரவேண்டிய நிலுவை எத்தனை மாதம் தாமதம் என்பதையும் அதே அட்டவணையில் போடு. அப்படி ஓர் அட்டவணை வந்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்பது சமூகவியலாக இருக்காது. இதை அரசு தானாகச் செய்யாது. மாவட்டக் குழுக்கள் மாணவர், மகளிர், விசைத்தறி அமைப்புகளோடு சேர்ந்து நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதியில் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பைச் செய்யலாம். மகளிர் அமைப்புத் தோழர்கள் இல்லாமல் இது நடக்காது. அடகுக் கடைச் சீட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது வீட்டு ஆண்களுக்குத் தெரியாது.

நகரித் தோழரிடம் பிறகு பேசியபோது நான் சொன்னது இவ்வளவுதான். அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழக வளாகமோ கிடைத்தால் மகள் விரும்பிய பாடத்தில் சேருங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம் என்பதால் திருப்பதி போய்வரும் செலவு முன்போல் இல்லை. தனியார் கல்லூரி என்றால், ரீயிம்பர்ஸ்மெண்ட் வரும் வரை சான்றிதழைப் பிடித்து வைப்பீர்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் எங்களை அழையுங்கள், நான்கு பேராக வருகிறோம். சம்பளம் எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு, இப்போது என்னிடம் நேர்மையான எண் இல்லை, அந்த எண்ணைச் சேகரிக்க உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாமா என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “தோழர், என் மனைவியிடம் கேளுங்கள், கடன் நோட்டு அவரிடம்தான் இருக்கிறது” என்றார். பட்டக் கல்லூரிகளின் அடுத்த இணையவழிச் சேர்க்கை தொடங்குவதற்குள் முதல் நூறு வீடுகளின் படிவங்களையாவது முடித்துவிட வேண்டும்.